சப்நெட்டை /24-இலிருந்து /23-ஆக விரித்த பிறகு புதிய கணினிகளால் மட்டும் சர்வரை அடைய முடியவில்லை

வலைக்காவலர் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் அலுவலக வலையமைப்பு இதுவரை 192.168.1.0/24 என்ற ஒரே சப்நெட்டில் (ஒரே உள்வலைப் பிரிவில்; முகவரியின் முதல் 24 பிட்டுகள் எல்லாக் கருவிகளுக்கும் பொது என்பதையே /24 குறிக்கிறது) இயங்கி வந்தது. கைப்பேசிகளும் கேமராக்களும் சேர்ந்துகொண்டே போனதில் 254 முகவரிகளும் தீர்ந்துவிட்டன. காலையில் சற்றுத் தாமதமாக வருபவரின் மடிக்கணினிக்கு ஐபி முகவரியே கிடைக்காத நிலை வந்தது. ஆகவே ஃபயர்வாலில் உள்ளக இணைப்பின் சப்நெட் மாஸ்க்கை (அந்தப் பிரிவின் எல்லையைச் சொல்லும் எண்ணை) 255.255.255.0 (/24) என்பதிலிருந்து 255.255.254.0 (/23) என மாற்றி, அதே கருவியில் இயங்கும், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சேவையில் 192.168.0.10 முதல் 192.168.0.250 வரையிலான வரம்பையும் சேர்த்தோம். சப்நெட்டை விட்டு வெளியே போகும் வாசலான கேட்வேயின் முகவரி, 192.168.1.1, அப்படியே இருக்கிறது.

இப்போதைய நிலவரம் இதுதான். புதிய 192.168.0 வரம்பில் முகவரி பெற்ற கணினிகளில் இணையம் குறையின்றி வேலை செய்கிறது. அவை ஒன்றையொன்று பிங் செய்யவும் (சோதனைப் பாக்கெட் அனுப்பி விடை வருகிறதா என்று பார்க்கவும்) முடிகிறது. ஆனால் 192.168.1.10-இல் உள்ள கோப்பு சர்வரையும் 192.168.1.12-இல் உள்ள கணக்குச் செயலி சர்வரையும் அவற்றால் அடைய முடியவில்லை. பிங் அனுப்பினால் நேரம் கடந்துவிட்டது என்ற செய்தியே வருகிறது. பிரிண்டர்களில் சில அச்சிடுகின்றன, சில அச்சிடுவதில்லை. பழைய 192.168.1 வரம்பிலேயே தங்கிவிட்ட கணினிகளிலிருந்து எல்லாச் சர்வர்களும் வழக்கம்போலத் திறக்கின்றன.

எங்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. புதிய கணினியின் ஏஆர்பி அட்டவணையில் (எந்த ஐபி முகவரி எந்த வன்பொருளுக்கு உரியது என்ற பட்டியலில்) கோப்பு சர்வரின் மேக் முகவரி, அதாவது அதன் நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி, சரியாகப் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் கேபிளிலும் சுவிட்சிலும் தடை இல்லை என்றுதான் பொருள். பிறகு ஏன் பிங் மட்டும் திரும்பி வரவில்லை? எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

வழித்தடம்

நீங்கள் கவனித்த அந்த ஏஆர்பி பதிவுதான் இதில் மிகப் பயனுள்ள தடயம். பிங் தோற்றது என்பதோடு நிறுத்தாமல் அதையும் பார்த்துச் சொன்னதால் பாதித் தேடல் குறைந்துவிட்டது.

சப்நெட் மாஸ்க்கை ஃபயர்வாலில் மாற்றினால் வலையமைப்பு முழுவதும் மாறிவிடும் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் எழுதப்பட்டிருக்கும் மாஸ்க்கை மட்டுமே வைத்து, எதிரில் இருப்பவர் என் பக்கத்தில் இருக்கிறாரா, கேட்வேக்கு அப்பால் இருக்கிறாரா என்று தானே முடிவெடுத்துக்கொள்கிறது. மற்றவர்களிடம் எந்த மாஸ்க் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஐபி பாக்கெட்டில் மாஸ்க் பயணிப்பதும் இல்லை.

உங்கள் நிலையை இதில் பொருத்திப் பார்ப்போம். புதிய கணினியின் முகவரி 192.168.0.50, மாஸ்க் /23 என்று கொள்வோம். அதன் கணக்குப்படி 192.168.1.10 பக்கத்தில் இருக்கும் முகவரி என்பதால், அது கேட்வேயிடம் போகாமல் நேரடியாக ஏஆர்பி கேள்வி எழுப்புகிறது. சர்வர் அதற்கு விடை தருகிறது; உங்கள் அட்டவணையில் மேக் முகவரி விழுகிறது. அடுத்து பிங் பாக்கெட்டும் சர்வரை நேரடியாக அடைகிறது. பதில் அனுப்ப வேண்டிய நேரத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. சர்வரில் கைப்பட எழுதிய நிலையான முகவரி இருந்து, அதன் மாஸ்க் இன்னும் 255.255.255.0 ஆகவே இருந்தால், 192.168.0.50 என்பது அதன் பார்வையில் வேறொரு வலையமைப்பு. ஆகவே பதிலை அது கேட்வேக்கு, அதாவது உங்கள் ஃபயர்வாலுக்கு அனுப்பிவிடும். சென்ற பாதையில் ஃபயர்வால் இல்லை, திரும்பும் பாதையில் மட்டும் இருக்கிறது. இணைப்பின் நிலையைப் பதிந்து வைத்துச் சரிபார்க்கும் எந்த ஃபயர்வாலும், கேள்வியைப் பார்க்காமல் பதிலை மட்டும் பார்த்தால் அதை முறையற்ற பாக்கெட் என்று கருதிக் கைவிட்டுவிடும்.

அங்கே ஃபயர்வாலுக்குப் பதிலாகச் சாதாரண ரவுட்டர் இருந்திருந்தால், அது அந்தப் பதிலை வந்த கம்பியிலேயே திருப்பிப் புதிய கணினிக்கு அனுப்பியிருக்கும்; பிழை வெளியில் தெரியாமல், வேகம் மட்டும் சற்றுக் குறைந்து பல காலம் ஓடியிருக்கும். நேராகவே போகலாம் என்று ரவுட்டர் ஐசிஎம்பி ரீடைரக்ட் செய்தி அனுப்பினாலும், அந்தச் செய்தி காட்டும் முகவரி தன் சப்நெட்டுக்கு வெளியே இருந்தால் அதைப் புறக்கணிக்க வேண்டும் என்றுதான் 1989-இல் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1122 சொல்கிறது. எனவே சர்வர் தானாகத் திருந்தாது; நீங்கள்தான் அதன் மாஸ்க்கை மாற்ற வேண்டும்.

பிரிண்டர்களில் சில மட்டும் வேலை செய்வதற்கும் இதே காரணம் இருக்கலாம். டிஹெச்சிபி வழியாக முகவரி பெறுபவை புதிய மாஸ்க்கையும் பெற்றிருக்கும். நிலையான முகவரி கொண்டவை பழைய மாஸ்க்கோடு நிற்கும். அவற்றில் கேட்வே புலம் காலியாக விடப்பட்டிருந்தால் பதில் கருவியை விட்டு வெளியேறவே வழி இல்லை.

செம்புக்கம்பி

மேலே உள்ள விளக்கம் பொருந்துகிறது. ஆனாலும் மாஸ்க்கை மாற்றுவதற்கு முன் ஒரு முறை பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள் என்பேன். ஊகித்து மாற்றி, அது சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த சர்வரில் அதே மாற்றம் பலிக்காதபோது கையில் எதுவும் இருக்காது.

கோப்பு சர்வரிலேயே வயர்ஷார்க் என்ற பாக்கெட் பிடிக்கும் கருவியை இயக்கி, 192.168.0.50 என்ற முகவரியை மட்டும் வடிகட்டிக்கொண்டு, அந்தக் கணினியிலிருந்து பகிர்வுக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். இணைப்பைக் கேட்கும் முதல் பாக்கெட் உள்ளே வருகிறதா, அதற்கான பதில் வெளியே போகிறதா என்பது முதல் கேள்வி. பதில் போகிறது என்றால் அதன் சேருமிட மேக் முகவரியைப் பாருங்கள். ஐபி முகவரி 192.168.0.50 என்று சரியாகவே இருக்கும். மேக் முகவரி மட்டும் ஃபயர்வாலுடையதாக இருந்தால், மாஸ்க் பிழைக்கு அதைவிட உறுதியான சான்று தேவையில்லை. அதே நேரத்தில் ஃபயர்வாலின் பதிவேட்டைத் திறந்து வைத்தால், கைவிடப்பட்ட அந்தப் பதில்கள் அங்கே வரிசையாக விழுவதையும் காணலாம்.

சுவிட்சுகளைத் தொட வேண்டாம். சாதாரண இரண்டாம் அடுக்கு சுவிட்ச் மேக் முகவரியை மட்டுமே பார்க்கிறது; மாஸ்க் மாற்றத்தால் அதன் வேலையில் எதுவும் மாறுவதில்லை. அதன் நிர்வாக முகவரிக்குப் புதிய மாஸ்க் வேண்டும் என்பது உண்மை. அது உங்கள் வசதிக்காக மட்டும்.

வலைக்காவலர்

இருவர் சொன்னதையும் வரிசையாகச் செய்து பார்த்தோம். கோப்பு சர்வரில் நீங்கள் விவரித்தது அப்படியே நடந்தது: கேள்வி பாக்கெட் புதிய கணினியின் மேக் முகவரியிலிருந்து வருகிறது, பதில் பாக்கெட் ஃபயர்வாலின் மேக் முகவரிக்குப் போகிறது, ஃபயர்வால் பதிவேட்டில் அது கைவிடப்படுகிறது. சர்வரின் மாஸ்க்கை 255.255.254.0 என மாற்றியவுடன் பகிர்வுக் கோப்புறைகள் எல்லாக் கணினிகளிலும் திறந்தன. அச்சிடாத பிரிண்டர்களையும் டிஹெச்சிபிக்கு மாற்றி, அவற்றின் பழைய முகவரிகளையே ஒதுக்கீடாகப் பதிந்துவிட்டோம். அவையும் இப்போது அச்சிடுகின்றன.

ஆனால் கணக்குச் செயலி சர்வர் மட்டும் இன்னும் அசையவில்லை. அது லினக்ஸில் இயங்குகிறது. அதன் மாஸ்க்கையும் /23 ஆக மாற்றி, இணைப்பை மூடித் திறந்தோம். பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தபோது, கேள்வி பாக்கெட்டுகள் உள்ளே வருவது தெரிகிறது. பதில் என்று எதுவும் அந்த இணைப்பின் வழியாக வெளியே போகவில்லை, ஃபயர்வாலின் மேக் முகவரிக்குக்கூடப் போகவில்லை. சர்வரின் உள் ஃபயர்வாலைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்ததிலும் மாற்றம் இல்லை.

வழித்தடம்

இந்தக் குறிப்பு முன்னதிலிருந்து முற்றிலும் வேறானது. கோப்பு சர்வர் தவறான வாசலில் பதிலைக் கொடுத்தது. இந்தச் சர்வர் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த வாசலில் எதையுமே கொடுக்கவில்லை. அதில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஏதும் இருக்கிறதா? காப்புப் பிரதிச் சேமிப்பகத்துக்கோ மெய்நிகர் கணினிகளுக்கோ தனி முகவரி வரம்பு வைத்திருக்கிறீர்களா? "ஐபி ரவுட் கெட்" (ip route get) என்ற கட்டளைக்குப் பின் 192.168.0.50 என்று கொடுத்தால், அந்த முகவரிக்கான பாக்கெட்டை எந்த இணைப்பின் வழியாக அனுப்பப் போகிறது என்பதை லினக்ஸ் தானே சொல்லிவிடும். அந்த ஒரு வரியை இங்கே எழுதுங்கள்.

வலைக்காவலர்

இரண்டாவது கார்டு இருக்கிறது. காப்புப் பிரதிக்கான சேமிப்பகத்தோடு தனிக் கேபிளில் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது. சர்வரின் பக்கத்தில் 192.168.0.2, சேமிப்பகத்தின் பக்கத்தில் 192.168.0.3, மாஸ்க் இரண்டிலும் /24. நீங்கள் சொன்ன கட்டளையைக் கொடுத்ததும், 192.168.0.50-க்கான பாதையாக அந்த இரண்டாவது கார்டையே காட்டுகிறது.

வழித்தடம்

அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. அலுவலக வலையமைப்பு 192.168.1.0/24 ஆக இருந்தவரை, சேமிப்பகத்தின் 192.168.0.0/24 அதோடு மோதவில்லை. இப்போது அலுவலக வரம்பு 192.168.0.0 முதல் 192.168.1.255 வரை விரிந்ததால், சேமிப்பகத்தின் வரம்பு முழுவதும் அதற்குள் விழுந்துவிட்டது. ஒரே முகவரிக்கு இரண்டு பாதைகள் பொருந்தினால், வழியறி அட்டவணையில் மிகக் குறுகிய வரம்பைச் சொல்லும் பாதைதான் வெல்லும். /23-ஐ விட /24 குறுகியது. ஆகவே புதிய வரம்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்குமான பதிலையும் சர்வர் சேமிப்பகக் கேபிளில் அனுப்பப் பார்க்கிறது. அங்கே 192.168.0.50 யாரும் இல்லை; ஏஆர்பி கேள்விக்கு விடை வராமல் பதில் அங்கேயே மடிகிறது. இதற்கு மேல், லினக்ஸில் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் கண்டிப்பான நிலையில் இருந்தால், வந்த வாசலும் திரும்பிப் போகும் வாசலும் வேறாக இருப்பதைக் கண்டு, கேள்வி பாக்கெட்டைச் செயலியிடம் சேர்க்காமலே நீக்கிவிடும். பாக்கெட் பிடிக்கும் கருவி அந்தச் சோதனைக்கு முன்பே நகல் எடுத்துக்கொள்வதால், உங்கள் கண்ணுக்கு மட்டும் அது வந்ததுபோலத் தெரியும்.

அலுவலகத்தின் மாஸ்க்கை மேலும் மாற்றி இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். சேமிப்பக இணைப்பின் இரு முனைகளையும் அலுவலக வரம்போடு எந்த விதத்திலும் மோதாத முகவரிக்கு, உதாரணமாக 10.99.0.0/30-க்குள், நகர்த்திவிடுங்கள். இரண்டே கருவிகள் உள்ள இணைப்புக்கு /30 போதும். காப்புப் பிரதிப் பணி ஓடாத நேரத்தில் செய்யுங்கள். காப்புப் பிரதிச் செயலியின் அமைப்பில் 192.168.0.3 என்று எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும், அதையும் மாற்ற மறந்தால் அன்றிரவுப் பிரதி தோற்கும்.

நள்ளிரவுப்பணி

பயனுள்ள இழை. சேமிப்பகத்தை நகர்த்திய பிறகும் கணக்குச் செயலி திறக்காமல் போகலாம் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்; அப்போது அதைப் பழைய சிக்கலின் தொடர்ச்சி என்று நினைத்து மாஸ்க்கையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தரவுத்தளங்கள் பெரும்பாலும் எந்த முகவரிகளிலிருந்து உள்ளே வரலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் என்றால் அனுமதிக் கோப்பில் 192.168.1.0/24 என்று ஒரு வரி இருக்கும். மையெஸ்க்யூஎல் என்றால் பயனர் பெயரோடு 192.168.1.% என்று சேர்ந்திருக்கும். இரண்டுமே புதிய வரம்பைத் தெருவாசலிலேயே நிறுத்திவிடும். இதை அடையாளம் காண எளிய வழி, தோல்வி எவ்வளவு விரைவாக வருகிறது என்று கவனிப்பது. திரும்பும் பாதை அறுந்திருந்தால் திரை வெகுநேரம் காத்திருந்து பிறகு நேரம் கடந்துவிட்டது என்று சொல்லும். அனுமதி இல்லை என்றால் மறுப்பு உடனே வரும். மறுப்பு வருகிறது என்றாலே பாக்கெட் போய்த் திரும்புகிறது என்று பொருள்.

விண்டோஸ் ஃபயர்வால் இதில் சற்று ஏமாற்றக்கூடியது. அதன் சில விதிகள் உள்ளக சப்நெட்டுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கும். அந்தக் கருவியின் மாஸ்க்கைத் திருத்தினால் அந்த விதிகளும் தாமாகவே விரியும். ஆனால் யாரேனும் 192.168.1.0/24 என்று எண்ணாக எழுதி வைத்த விதி விரியாது, உடனே மறுக்கவும் செய்யாது. பாக்கெட்டை ஓசையில்லாமல் விழுங்கிவிடும். ஆகவே மேலே சொன்ன விரைவுச் சோதனை இங்கே பொருந்தாது, விதிகளைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அலுவலகத்துக்குக் கிளைகளோடு விபிஎன் சுரங்கம் (இணையத்தின் வழியே செல்லும் மறையாக்கப்பட்ட இணைப்பு) இருந்தால் அங்கேயும் இதே பழைய எண் எழுதப்பட்டிருக்கும். ஐபிசெக் வகைச் சுரங்கத்தில் எந்த வரம்பிலிருந்து எந்த வரம்புக்கு என்பதை இரு முனைகளும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு முனையில் மட்டும் /23 என்று மாற்றினால், இதுவரை வேலை செய்த பழைய கணினிகளின் இணைப்பும் சேர்ந்து அறுந்துபோகக்கூடும். இரு முனைகளிலும் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டுமே கை வையுங்கள்.

செம்புக்கம்பி

வேறொரு கோணத்தையும் இங்கே பதிய விரும்புகிறேன். முகவரி தீர்ந்துவிட்டது என்றால் மாஸ்க்கை விரிப்பது ஒன்றுதான் வழியா? கேமராக்களும் விருந்தினர் கைப்பேசிகளும் கணக்குச் செயலி சர்வரும் ஒரே சப்நெட்டில் இருக்க வேண்டிய தேவை என்ன? கேமராக்களுக்கு ஒரு விலான் (அதே சுவிட்சுகளில் அமைப்பின் மூலம் பிரிக்கப்படும் தனி வலையமைப்பு), விருந்தினருக்கு ஒரு விலான் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி /24 கொடுத்திருந்தால், சர்வர்களின் மாஸ்க்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இந்த இழையில் பேசிய எந்தச் சிக்கலும் எழுந்திருக்காது. வைஃபையில் எல்லாக் கருவிகளுக்குமான பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் குறைந்த அடிப்படை வேகத்திலேயே அனுப்பப்படுவதால், சப்நெட் பெருகப் பெருக அந்தச் சுமை காற்றலையில் கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வழித்தடம்

பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னால் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். விருந்தினர் கைப்பேசி கணக்குச் செயலி சர்வரின் பக்கத்தில் நிற்கவே கூடாது. ஆனால் பிராட்காஸ்ட் சுமையைக் காரணமாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரு /23-இல் அதிகபட்சம் 510 கருவிகள். இன்றைய சுவிட்சுகளுக்கும் கணினிகளுக்கும் அது பாரமே அல்ல. வைஃபையில் சற்று உணரப்படலாம். அதற்கும் பெரும்பாலான அணுகல் புள்ளிகளில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

விலான் பிரிப்பதற்கு நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகள் வேண்டும், ஒவ்வொரு பிரிவுக்கும் டிஹெச்சிபி வரம்பும் ஃபயர்வால் விதிகளும் வேண்டும், பிராட்காஸ்ட்டை நம்பித் தேடும் பிரிண்டர் போன்ற கருவிகள் பிரிவுகளைத் தாண்டித் தெரியாமல் போவதற்கும் தீர்வு வேண்டும். முகவரி கிடைக்காமல் ஊழியர் வேலை நின்றிருக்கும் நேரத்தில் மாஸ்க்கை விரித்தது நியாயமான முடிவுதான். பிரிப்பதை நிதானமாக, கேமராக்களிலிருந்து தொடங்கிச் செய்யலாம். அவை ஒரே பதிவுக் கருவியோடு மட்டும் பேசுவதால் முதலில் பிரித்தெடுக்க எளியவை.

வலைக்காவலர்

சேமிப்பக இணைப்பை 10.99.0.0/30-க்கு நகர்த்தியதும் கணக்குச் செயலி சர்வர் புதிய கணினிகளின் பிங்குக்கு விடை தரத் தொடங்கியது. செயலியைத் திறந்தபோது, நள்ளிரவுப்பணி சொன்னபடியே, உள்நுழைவு மறுப்பு உடனடியாக வந்தது. தரவுத்தளத்தின் அனுமதிக் கோப்பில் இருந்த 192.168.1.0/24 என்ற வரியை 192.168.0.0/23 என்று மாற்றி, அமைப்பை மீண்டும் ஏற்றச் செய்ததும் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

இந்த வேலையின்போது மேலும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. பழைய வரம்பில் இருந்த சில கணினிகள் டிஹெச்சிபி தந்த பழைய லீஸோடு (தற்காலிக முகவரி ஒதுக்கீட்டோடு) /24 மாஸ்க்கையே வைத்திருந்தன. அவற்றை மறுதொடக்கம் செய்து புதிய மாஸ்க்கைப் பெற வைத்தோம். பெயர்களையும் முகவரிகளையும் இணைக்கும் டிஎன்எஸ் சர்வரில் முகவரியிலிருந்து பெயரைத் தேடும் மண்டலம் 192.168.1-க்கு மட்டுமே இருந்ததால், புதிய கணினிகளின் பெயர்கள் பதிவேடுகளில் வராமல் எண்களாகவே நின்றன, 192.168.0-க்கும் ஒரு மண்டலம் உருவாக்கியிருக்கிறோம். கேமராக்களைத் தனி விலானுக்கு மாற்றுவதற்கான திட்டத்தை எழுதத் தொடங்கிவிட்டோம். கிளை விபிஎன் மட்டும் மீதம் உள்ளது. அங்குள்ள பொறுப்பாளரோடு பேசி நேரம் குறித்திருக்கிறோம்.

புதுக்கணு

இதே இழையில் என் ஐயத்தையும் கேட்கலாமா? எங்கள் அலுவலகமும் 192.168.1.0/24-இல்தான் இருந்தது. மாஸ்க்கை 255.255.254.0 என எல்லாக் கருவிகளிலும், சர்வர்கள் உட்பட, மாற்றிவிட்டோம். டிஹெச்சிபியில் 192.168.2.10 முதல் 192.168.2.200 வரை சேர்த்தோம். அந்த வரம்பில் முகவரி பெறும் கணினிகளுக்கு இணையமும் இல்லை, சர்வரும் இல்லை, கேட்வேயான 192.168.1.1-ஐக்கூட எட்ட முடியவில்லை.

வழித்தடம்

/23 வரம்பு நாம் விரும்பும் எண்ணிலிருந்து தொடங்காது. மூன்றாவது எண் இரட்டைப்படையாக இருக்கும் இடத்தில் தொடங்கி அடுத்த ஒற்றைப்படையில் முடியும். ஆகவே 0-உம் 1-உம் ஒரு சோடி, 2-உம் 3-உம் இன்னொரு சோடி. உங்கள் புதிய கணினிகள் 192.168.2.0/23-இல் இருக்கின்றன, கேட்வே 192.168.0.0/23-இல் இருக்கிறது. கேட்வேயே தன் சப்நெட்டுக்கு வெளியே இருப்பதால் அவற்றால் எங்கும் போக முடியவில்லை.

புதிய வரம்பை 192.168.0.10-இலிருந்து தொடங்கினால் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. 192.168.0.255, 192.168.1.0 ஆகிய இரண்டும் /23-இல் கருவிகளுக்குத் தரத்தக்க முகவரிகளே என்றாலும், சில பழைய கருவிகள் அவற்றை ஏற்பதில்லை என்பதால் டிஹெச்சிபி வரம்பில் அவற்றைச் சேர்க்காமல் விடுங்கள். 192.168.2 வரம்பையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் மாஸ்க்கை 255.255.252.0 ஆக, அதாவது /22 ஆக, எல்லாக் கருவிகளிலும் மாற்ற வேண்டியிருக்கும், அது 192.168.0.0 முதல் 192.168.3.255 வரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன், 192.168.0 முதல் 192.168.3 வரையிலான இந்த நான்கு வரம்புகளில் எதையாவது ஒரு சேமிப்பகமோ கிளை அலுவலகமோ ஏற்கெனவே பயன்படுத்துகிறதா என்று ஒவ்வொரு சர்வரின் வழியறி அட்டவணையிலும் ஃபயர்வாலின் விபிஎன் பட்டியலிலும் பார்த்துவிடுங்கள்.